தலைக்கு மேல் மலை இல்லாத படம்

வெந்த உருளைக்கிழங்கைச் சூடு ஆறுவதற்குள் உரிப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. விரல் சுடாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சுடும்தான். கையை எடுக்காமல் இருந்தால் சிறிது நேரத்தில் பழகிவிடும். நீங்கள் எங்கள் விடுதியில் தங்கிய இரண்டு நாளும் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து நான் உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அக்கா. "இவ்வளவு அமைதியான பொண்ணை நான் பார்த்ததே இல்லை" என்று என் அண்ணி சங்முவிடம் சொன்னீர்கள். அண்ணி சிரித்தாள். "இது வாயைத் திறந்து நான் பார்த்தது போன வருஷம் ஒரு நாள். அதுவும் கொட்டாவி" என்றாள்.

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. உங்கள் தம்பி வாங்டுய் எப்படி இறந்தார் என்று தெரிந்துகொள்ள நாங்கோ கணவாய் ஏறி மூன்று நாள் நடந்து வந்தீர்கள். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் என்னிடம் கேட்டீர்கள். நான் தலையை அசைத்தேன். அது போதுமான விடை இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத வரும். பள்ளியில் வாத்தியார் எழுப்பிக் கேட்டால் விடை தெரிந்தும் நாக்கு அசையாது. எழுதச் சொன்னால் பலகை கொள்ளாமல் எழுதுவேன். எழுந்து நிற்பதற்குப் பயந்தே ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்படிக்கு ஆள் தேவையாக இருந்தது.

உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறும் வேலைக்கு வருகிறவர்கள் குறைவு. அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கஞ்சன்ஜங்காவின் உச்சியில் யாரும் கால் வைப்பதில்லை. உலகத்தில் மூன்றாவது உயரமான மலை என்பார்கள் வெளிநாட்டார். இரண்டு மாதம் பாடுபட்டு, விரல் கருகி, மூச்சுத் திணறி மேலே போவார்கள். போய், இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் உச்சி என்கிற இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் மலையில் குடியிருக்கும் தெய்வத்தின் இடம். அவருடைய பெயரை நாங்கள் வெறுமனே சொல்வதில்லை. அங்கே நின்று கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எங்கள் விடுதிச் சுவரில் அப்படிப்பட்ட படங்கள் பத்துப் பதினைந்து மாட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆளின் தலைக்கு மேல் கொஞ்சம் பனியும் பாறையும் தெரியும்.

வாங்டுய் ஒருமுறை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்த மலைப் படத்துல எல்லாம் மனுஷன் மலைமேல நிப்பான். இங்க மட்டும்தான் மலை மனுஷன்மேல நிக்குது."

அவர் அப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். நாலு வருடம் எங்கள் விடுதியின் வெளி அறையில் தங்கியிருந்தார். என் அண்ணன் நாம்காவும் அவரும் கயிற்றுக் கூட்டாளிகள். மலைமேல் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் இவர்கள் இருப்பார்கள். மாலையில் அடுப்பருகே வந்து என்னிடம் கேட்பார்: "என்ன திக்கி, இன்னைக்கு எத்தனை வார்த்தை செலவாச்சு?" நான் விரலைக் காட்டுவேன், இரண்டு அல்லது மூன்று. "பரவாயில்லையே, நேத்தைவிட ஒண்ணு கூட" என்பார். மற்றவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் விடைக்குக் காத்திருக்க மாட்டார்கள். அவர் காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அதனால் சில சமயம் எனக்குப் பேச்சு வந்தும் இருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தின வசந்தத்தில் அண்ணனும் வாங்டுயும் ஒரு நார்வேக்காரரை மேலே கூட்டிப்போனார்கள். நல்லபடியாகத் திரும்பிவந்தார்கள். மழைக்காலத்தில் அந்த நார்வேக்காரர் ஒரு பெரிய படத்தை அச்சிட்டு, சுமைக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உச்சியில் எடுத்த படம். ஒரே ஓர் ஆள், சிவப்பு உடுப்பு, முகமூடி, கறுப்புக் கண்ணாடி, இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கியிருக்கிறார். அண்ணி அதை வாங்கி, சுவரின் நடுவில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். "யாரா இருந்தா என்ன, நம்ம ஆள்தானே" என்றாள்.

யாரென்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் மலையேற்றக் கம்பெனி ஒரே மாதிரி சிவப்பு உடுப்புதான் கொடுத்திருந்தது. ஆனால் அண்ணனின் உடுப்பு வலது முழங்காலில் கிழிந்திருந்தது. புறப்படும் முன் யாக் மயிரைத் திரித்துக் கறுப்பு நூலாக்கி நான்தான் தைத்துக் கொடுத்தேன். படத்தில் அந்தத் தையல் மிளகளவு தெரிந்தது. தைத்தவளுக்குத்தான் அது தையல் என்று தெரியும். மற்றவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. அதைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. படத்தில் தலைக்கு மேல் வானம் மட்டும் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. படம் ஒன்றரை மாதம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து ஊரே தேநீர் குடித்தது. அண்ணன் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

ஆவணிக் கடைசியில் கல்மழை விழுந்தது. பார்லியும் கோதுமையும் தரையோடு படுத்தன. மறுநாள் மேய்ச்சல் மேட்டில் சரிவு இறங்கி மூன்று பெண் யாக்குகளைக் கன்றோடு கொண்டுபோனது. அறுவடைக்கு ஒரு வாரம் இருந்தது. ஊர்த் தலைவர் ஓங்டி எங்கள் விடுதியில் உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டே அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு மேல ஒண்ணுமே இல்லையே."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் வாங்டுய் என்னிடம், "அறுவடை முடிஞ்சதும் எங்க அக்காவை வரச் சொல்லியிருக்கேன். கீழூர் புர்க்கியைப் பெண் கேட்டுக் கள்ளுக்குடம் அனுப்பணும். உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது, நீயே போட்டுக் கொடு" என்றார். நான் கேழ்வரகை வேகவைத்து, நொதி கலந்து, மூடி வைத்தேன். நன்றாகவே வந்தது. இது ஊர்க் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நானே சொல்கிறேன். கூட்டத்தன்று ஊரார் குடித்தது அந்தக் கள்தான். வேறு கள் எதுவும் வீட்டில் இல்லை.

கூட்டம் மடத்து முற்றத்தில் நடந்தது. படம் கைக்குக் கை மாறியது.

"யாருடா இது?"

"சிவப்புச் சட்டை போட்டிருக்கான்."

"ரெண்டு பேரும் சிவப்புதான்டா, அறிவாளி."

"அந்த உடுப்பைக் கொண்டாரச் சொல்லு, பார்க்கலாம்."

"கம்பெனிக்காரன் அப்பவே காத்மாண்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். இந்நேரம் வேற எவனாவது போட்டுக்கிட்டு வேற மலையில நிப்பான்."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். தலைவர் வாங்டுயைப் பார்த்தார். வாங்டுய், "நான் மிதிக்கல" என்றார்.

"அப்ப நாம்காவா?"

"அதை நான் எப்படிச் சொல்றது? நான் பார்க்கல. வெள்ளைக்காரரோட பூட்ஸ் முள்ளு கழண்டுபோச்சு. கீழ குனிஞ்சு மாட்டிக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு அவர் அண்ணன் பக்கம் திரும்பி நின்றார். அண்ணன் பேசுவதற்காகக் காத்திருந்தார். அண்ணன் அப்போது பேசியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

யாரோ சொன்னார்கள், "திக்கியைக் கேளுங்க. ரெண்டு பேர் துணியையும் துவைக்கிறது, தைக்கிறது எல்லாம் அவதான்."

"அவளா? அவ வாயைத் திறக்க வைக்கிறதுக்குத் தனியா ஒரு பூசை போடணுமே."

சிரித்தார்கள். அப்போது தலைவரின் மனைவி சொன்னாள்: "பேசாதவ பொய் சொல்லுவாளா? அவளையே கேளுங்க."

படத்தை என் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள். "பேச வேணாம்மா. யாருன்னு காட்டு, போதும்" என்றார் தலைவர்.

அண்ணி அப்போது எட்டு மாதம். உச்சியை மிதித்தவன் வீட்டிலிருந்து ஊரார் நெருப்பு வாங்க மாட்டார்கள், அந்த வீட்டுக் கோப்பையைத் தொட மாட்டார்கள், பிள்ளைப்பேறுக்கு ஒருத்தியும் வர மாட்டாள். அண்ணியின் முதல் பிள்ளை காலை முன்வைத்து வந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து தாங்கினார்கள். வாங்டுய்க்கு இங்கே மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அடுப்பு இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கணவாயைத் தாண்டினால் அவருக்கு வேறு ஊர் இருக்கிறது, அப்பா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். இழப்பு எந்தப் பக்கம் குறைவு என்று பார்த்தால் யாருக்கும் தெரியும். நான் அவசரப்படவில்லை. யோசித்துத்தான் விரலை நீட்டினேன்.

விரல் போன திசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்டுய் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல வழக்கமாகக் காத்திருக்கும் முகம்தான். பிறகு, "இந்தப் பொண்ணு காட்டுச்சுன்னா நான் என்னத்தைச் சொல்ல" என்றார்.

ஏழு நாள் மடத்தில் தேவதாரு இலை புகைத்துச் சாந்தி செய்தார். அவருக்குத் தனிக் கோப்பை. நெருப்புக் கேட்டால் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார்கள். கீழூரிலிருந்து புர்க்கியின் மாமன் வந்து, கல்யாணப் பேச்சு எதுவும் நடக்காத மாதிரியே பேசிவிட்டுப் போனான். நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் மூட்டை கட்டவில்லை. "ஊருக்குப் போயிடேன்டா" என்று அண்ணன்கூடச் சொன்னார், ஆள் இல்லாத இடத்தில். "போனா ஒத்துக்கிட்டதா ஆயிடும் அண்ணே" என்றார் வாங்டுய். அதற்கு மேல் அண்ணன் வாய் திறந்தது ஒரே ஒரு நாள்தான். குழந்தை பிறந்த மறுவாரம் கள் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கண்ணாடியில பனி பூத்துடுச்சு. எது உச்சின்னே தெரியல. ரெண்டு எட்டு கூட வெச்சுட்டேன். கையைத் தூக்கினது ஜெயிச்சதுக்கு இல்லடி. காத்து தள்ளிச்சு." அவர் அழுதார். நான் அடுப்பில் சாண வறட்டி போட்டேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அதைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்றே தோன்றியது.

அடுத்த வசந்தம் மலைக்குப் போகும் நேரம் வந்தது. கம்பெனி பழைய பட்டியலில் இருந்தவர்களையே எடுத்தது. அண்ணன் குழுத் தலைவர். நான் கீழ்முகாம் சமையலுக்கு. வாங்டுயும் வந்தார். ஆனால் அவரோடு ஒரே கயிற்றில் இடுப்பைக் கோக்க ஏழு பேரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. மலை அவரை உதறினால் கூடக் கட்டியவனும் போவான் என்பது எல்லோர் பயமும். கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியாது, அவர்கள் சிரிப்பார்கள். எனவே அவர் முதல் முகாமுக்கும் இரண்டாம் முகாமுக்கும் நடுவே தனியாகச் சுமை தூக்குவது என்று தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவரும் சரி என்றார். பனியாற்றில் தனியாக நடப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பனி மூடியிருக்கும், கீழே விரிசல் இருக்கும்.

மே மாதம் பத்தாம் தேதி காலை எட்டு மணி. வெளிநாட்டார் இரண்டு நாள் ஓய்வுக்குக் கீழ் மேய்ச்சல் நிலத்துக்கு இறங்கிப்போயிருந்தார்கள். நல்ல வெயில். காற்று இல்லை. சமையல் கூடாரத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாக்கி-டாக்கியில் அவர் குரல் கேட்டது.

"நாம்கா அண்ணே. விழுந்துட்டேன். விரிசலுக்குள்ள இருக்கேன். கணுக்கால் போச்சு. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். மேல வெளிச்சம் தெரியுது. ஆழம் ஒரு ஆறு ஆள் உயரம் இருக்கும்."

அண்ணன் எழுந்தார். "கிளம்புங்கடா. மூணு மணி நேரம். கயிறு இருக்கு, ஏணி இருக்கு."

யாரும் எழவில்லை. இருப்பவர்களில் மூத்தவர் கர்சாங். அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் அவர் பயிரைத் தொட்டார். இந்த வருஷம் ஆளையே எடுத்துக்கிட்டார். எடுத்துக்கிட்டதைப் பிடுங்கினா சும்மா இருப்பாரா?"

"உசிரோட பேசுறான்யா."

"அப்ப நீ போ."

"தனியா எப்படிப் போறது? கயித்துல இன்னும் ரெண்டு பேராவது வேணும்."

"அவனைத் தனியாத்தானே அனுப்பினே" என்றார் கர்சாங்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். 'அன்று நான் காட்டியது பொய்' என்று நான் சொன்னால் போதும். நாலு சொல். அது அண்ணனுக்கும் தெரியும். ஏனென்றால் அதே நாலு சொல்லை அவரும் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது.

நான் யோசிக்காமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மிதித்தவர் அண்ணன் என்று தெரிந்தால் இவர்கள் அண்ணனோடும் கயிறு கட்ட மாட்டார்கள். ஆகவே சொல்லியும் பயன் இல்லை. அண்ணனின் பெயரும் கெடும், வாங்டுயும் விரிசலிலேயே இருப்பார். இப்படித்தான் எனக்குத் தோன்றியது. அண்ணனை விட்டுவிட்டு மற்ற ஆறு பேரும் போயிருப்பார்களே என்பது மறுநாள்தான் தோன்றியது. மறுநாள் என்றா எழுதினேன்? அன்று மதியமே.

அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வெளியேறினார். பனியாற்றின் விளிம்புவரை போய் நின்றார். மற்றவர்கள் அவர் பின்னால் போய், இழுத்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் நானும் வாக்கி-டாக்கியும் இருந்தோம்.

"யாராவது இருக்கீங்களா?" என்றார் அவர்.

நான் கருவியைக் கையில் எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். பேசவில்லை. விட்டேன்.

கொஞ்சம் பொறுத்து அவர் சிரித்த மாதிரி இருந்தது. "திக்கியா? வேற யாரு, பொத்தானை அமுக்கிட்டுச் சும்மா இருப்பாங்க? சரி, பேச வேணாம். நான் கேக்கறேன், நீ அமுக்கு. ஆள் வர்றாங்கன்னா ஒரு தடவை. வரலைன்னா ரெண்டு தடவை. வரலைன்னா பரவாயில்லை, சொல்லிடு. நானே ஏறிப் பார்க்கறேன். சுவரு அவ்வளவு மோசம் இல்லை. படி வெட்டிக்கிட்டே வந்துடலாம். கால் முழுசா வீங்கறதுக்குள்ள ஏறி முடிக்கணும், அதுக்குத்தான் கேக்கறேன்."

அவர் காத்திருந்தார்.

வெளியே பார்த்தேன். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கியிருந்தார். யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு மனிதருக்குச் சொல்வது எப்படி? அதுவும் தனியாக, இருட்டில், கால் முறிந்து கிடக்கிறவருக்கு. உங்களாலும் முடியாது, அக்கா. அவர் மனம் அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு தடவை அழுத்தினேன்.

"நல்லது" என்றார். குரல் மாறிவிட்டது, இளகிவிட்டது. "அப்ப நான் அசையாம இருக்கேன். பாட்டரி தீர்ந்துடும், அணைச்சு வெக்கிறேன். கிட்ட வந்ததும் கத்தச் சொல்லு." பிறகு, "இன்னைக்கு ஒரு வார்த்தை, திக்கி. எழுதி வெச்சுக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு கருவியில் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் சோறு போட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், அண்ணன் தவிர. மூன்று மணிக்கு மேகம் இறங்கி மலையை மூடியது. கர்சாங் வெளியே வந்து பார்த்துவிட்டு, "மூடிட்டார்" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் நிம்மதி போல இருந்தது. இனி யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு குழு வந்தது. சோலுப் பக்கத்து ஆட்கள், எங்கள் ஊர் விஷயம் எதுவும் தெரியாதவர்கள். கேட்டதும் நாலு பேர் ஓடினார்கள். இரண்டரை மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் ஒரு பனித் திட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மேலே பார்த்த வாக்கில் இருந்தாராம். கருவி அணைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு பத்திரமாக இருந்தது. அவர்களில் ஒருவன் தேநீர் குடிக்கும்போது சொன்னான்: "சுவத்துல பதினோரு படி வெட்டியிருக்கான். அருமையான படி. ஒத்தைக் காலோட எப்படித்தான் வெட்டினானோ. இன்னும் ஏழெட்டு வெட்டியிருந்தா விளிம்பைப் புடிச்சிருப்பான். ஏன் நிறுத்தினான்னுதான் புரியல. கோடாலியைக்கூட ஒழுங்கா உறையில போட்டு வெச்சிருந்தான்."

அவனுடைய கோப்பையில் நான் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். என்னிடம் கேட்பதற்கு முன்பே அவர் வெட்டத் தொடங்கியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டுவதை நிறுத்திவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

அந்த வருடம் கல்மழை விழவில்லை. பார்லி நன்றாக வந்தது. மலை சமாதானமாகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அண்ணன் இப்போது மலைக்குப் போவதில்லை, முழங்கால் வலி என்கிறார். நான் உரித்து வைக்கும் கிழங்கை எடுக்காமல் தானே உரித்துத் தின்கிறார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இந்த ஐப்பசியில் நீங்கள் வந்தீர்கள். புறப்படும் நாள் காலையில் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்மா" என்றீர்கள். "எங்க அப்பா அவன் பேரையே வாயில எடுக்கறதில்லை. அவன் மிதிச்சிருந்தா அதுக்கு உண்டான சாந்தியைச் செஞ்சு, அவனைப் பத்திப் பேசாம விட்டுடணும். மிதிக்கலைன்னா ஊரைக் கூட்டி, தலை நிமிர்ந்து அவன் பேரைச் சொல்லி விளக்கு ஏத்துவோம். எதுவா இருந்தாலும் ஏத்துக்கறேன். தெரியாம இருக்கறதுதான் தாங்கல. ஊர்ல எல்லாரும் உன்னைத்தான் கேக்கச் சொல்றாங்க. நீ பொய் சொல்லமாட்டியாம். அவன் மிதிச்சானா?"

வாசலில் அண்ணன் விறகு பிளந்துகொண்டிருந்தார். சத்தம் நின்றது. அண்ணியின் மடியில் குழந்தை மாவுருண்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. இப்போது அவனுக்கு இரண்டு வயதாகிவிட்டது, ஓடுகிறான்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் இருக்கிறது போல.

நான் தலையை அசைத்தேன், ஆம் என்று. ஒருமுறை அசைத்தால் சந்தேகம் தங்கிவிடும் என்று இரண்டாவது முறையும் அசைத்தேன்.

நீங்கள் அழுதீர்கள். ஆனால் உங்கள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், சுமையை இறக்கி வைத்தவர்களுக்கு இறங்குவது போல. மரியாதைக்குப் போடும் வெள்ளைத் துணியை என் கழுத்தில் போட்டு, என் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டீர்கள். "நீயாவது மறைக்காம சொன்னியே, நல்லா இருப்பே" என்றீர்கள். கேட்டது உங்களுக்குக் கிடைத்தது. உங்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நேற்று முன்தினம் பெரும் பனி விழுந்து நாங்கோ கணவாய் அடைபட்டுவிட்டது. இனி வசந்தத்தில்தான் திறக்கும். இதை முன்பே எழுதியிருக்கலாமே என்றால், எழுதியிருக்கலாம். கிழங்கைக் குழியில் புதைக்கும் வேலை இருந்தது. வசந்தத்தில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் நீங்கள் சாந்தியைச் செய்து முடித்திருப்பீர்கள். உங்கள் அப்பாவும் ஒருவாறு ஆறியிருப்பார். ஆறிய மனதைக் கலைப்பது நல்லவர்கள் செய்யும் காரியம் அல்ல.

ஒன்று மட்டும் நீங்கள் நம்பலாம், அக்கா. உங்கள் தம்பியைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு தவறான சொல்கூட வந்ததில்லை. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.